அடைப்புக்கு முன்னால் ஒரு கோடு

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் துணி ஒட்டிய பழைய கடல் வரைபடம் ஒன்றும், ஈயக்குண்டு கட்டிய நீளக் கயிறும் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்தவர் அவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அதோடு அவருடைய வேலை போனது, பெட்டி வீட்டுக்கு வந்தது. கயிற்றில் இரண்டாம் பாகத்தில் இரண்டு தோல் வார், மூன்றாம் பாகத்தில் மூன்று வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி. ஒவ்வொன்றும் வேறு வேறு தினுசுத் துணி என்பதால் இருட்டிலும் விரலால் தடவி ஆழம் சொல்லலாம். ஒரு பாகம் என்றால் ஆறு அடி. அந்தக் கணக்கை எங்கள் கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரைபடத்தைத் தரையில் விரித்தால் உள்துறைமுகமும் கொட்டியாரக் குடாவும் எறும்பு ஊர்ந்ததுபோல் எண்களால் நிறைந்திருக்கும். எல்லாம் ஆழம். சில எண்களுக்குக் கீழே மட்டும் சின்னதாய் ஒரு கோடு.

“இதுக்கு மட்டும் ஏன் பெரியப்பா கோடு?”

“அது வத்தின நேரம் வெளிய தெரியிற கல்லு, பிள்ளை. அந்த எண் ஆழமில்ல, உசரம்.”

ஆழம் அளக்கிற தாளில் ஓர் உயரம் வந்துவிட்டால் அதற்கு என்ன செய்வது? ஆழத்தை நேர் எண்ணாக எடுத்தால் அந்த உயரம் மறை எண். மாலுமிகள் சயக் குறி போடவில்லை, எண்ணுக்குக் கீழே கோடிட்டார்கள். இன்றைய கடல் வரைபடங்களிலும் அதே வழக்கந்தான். கப்பலில் நிற்பவனுக்கு அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அலையாடும் மேசையில், மங்கல் விளக்கில், எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கிறதா, தாளில் விழுந்த கீறலா என்று யோசிக்க நேரமிருக்காது.

கணக்கு எளிது. வரைபடத்துக்கு ஒரு பூச்சிய மட்டம் உண்டு. கடல் அதற்குக் கீழே வற்றுவது அரிது. ஓரிடத்தில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அறிய, வரைபடத்து ஆழத்தோடு அந்த நேரத்து வற்றுப்பெருக்கின் உயரத்தைக் கூட்ட வேண்டும். கோடிட்ட எண் என்றால் கூட்டாமல் கழிக்க வேண்டும். எங்கள் துறைமுகத்தில் பெருக்கு பெரிதாய் ஒன்றுமில்லை, ஒரு மீற்றரைத் தொடாது. ஒரு கல் 0.3 என்று கோடிடப்பட்டிருக்கிறது, கடல் 0.7க்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 0.7 சய 0.3, கல்லுக்கு மேல் 0.4 மீற்றர் தண்ணீர். கடல் 0.1க்கு இறங்கினால் 0.1 சய 0.3, விடை −0.2. தண்ணீர் எப்படி மறை எண்ணாகும்? ஆகும். இருபது சென்ரிமீற்றர் கல் வெளியே தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். தோணிக்காரனுக்கு 0.4ஐ விட அந்த −0.2 நல்ல செய்தி. தெரிகிற கல்லில் யாரும் மோதுவதில்லை.

எட்டாம் வகுப்பில் திசைகொண்ட எண்கள் வந்தபோது எனக்கு இந்த வரைபடம்தான் நினைவுக்கு வந்தது. கரும்பலகையில் எண்கோடு. வலப்பக்கம் நேர், இடப்பக்கம் மறை. ரீச்சர் அதைச் சுவாமிமலையில் நிறுத்திக் காட்டினார்: கோணேசர் கோயில் மேலே, அது நேர். கடலுக்குள் கிடக்கும் பழைய கோயிலின் தூண்கள் கீழே, அது மறை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளிய கற்கள் அவை. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் மூழ்கிப் பார்த்த பிறகு ஊரெல்லாம் அதே பேச்சாயிருந்தது. அதுவரை நன்றாய்ப் போனது. இரண்டு கிழமை கழித்துப் பெருக்கல் வந்தது. சக தர சக, சக. சக தர சய, சய. சய தர சய, சக. வாய்ப்பாடுபோலப் பாடினோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அப்போது இல்லை.

பிறகு நானே ரீச்சராகி, அதே பாட்டை வேறு பிள்ளைகளிடம் கேட்டேன். பாட்டில் ஒருவரும் பிழைவிட மாட்டார்கள். கணக்கில் விடுவார்கள். தெரியாத எண்ணை ‘ய’ என்று வைத்து ஒரு சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவேன்:

7 − 2(ய − 3) = 3ய − 2

வகுப்பில் பாதிப்பேர் அடுத்த வரியை 7 − 2ய − 6 = 3ய − 2 என்று எழுதுவார்கள். அங்கிருந்து ஒழுங்காய்ப் போய் ய = 0.6 என்று அடியில் இரட்டைக் கோடும் போடுவார்கள். சரியான வரி 7 − 2ய + 6 = 3ய − 2. விடை 3. பிழை முழுவதும் அந்த ஒரு 6இன் முன்னால்தான். வெளியே நிற்கும் சயக் குறி அடைப்புக்குள் இருக்கும் முதலாவது ஆளை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டாவது ஆள் பழைய குறியோடேயே வெளியே வந்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறினார்கள், இந்த இடம் மாறவேயில்லை.

இவ்வளவு தொல்லை தரும் குறிக்கு நிலையான ஓர் இடமாவது கிடைத்ததா என்றால் அதுவுமில்லை. கடல் வரைபடத்தில் கோடு எண்ணுக்குக் கீழே. மடக்கை அட்டவணையில் எண்ணுக்கு மேலே. 0.02இன் மடக்கையைப் பார் இரண்டு தசம் மூன்று பூச்சியம் ஒன்று பூச்சியம் என்று வாசிப்போம். முழுவெண்ணாகிய 2 மட்டும் மறை, தசமப் பகுதி நேர். அதனால்தான் குறியை முன்னால் போடாமல் 2இன் தலையில் ஏற்றினார்கள். முன்னால் போட்டால் முழு எண்ணும் மறையாகிவிடும். குறி எதுவரைக்கும் செல்லும் என்பதை அந்தக் கோடு எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது! பழைய இந்தியக் கணிதர்கள் மறை எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். 1881இல் பெஷாவருக்குப் பக்கத்தில் பக்‌ஷாலி என்ற ஊரில் தோண்டியெடுத்த மரப்பட்டைச் சுவடியில் மறை எண்ணுக்குப் பின்னால் ஒரு சிலுவைக் குறி இருக்கிறது. அச்சு அசலாக இன்றைய சகக் குறி. அதை எழுதியவர் இன்று எங்கள் வகுப்புக்கு வந்தால் முதலாம் தவணையிலேயே கோட்டை விட்டுவிடுவார்.

தமிழில் இந்தக் கணக்கைப் படிப்பித்த பழைய ஆட்களை நினைத்தால் வட்டுக்கோட்டைச் செமினரி நினைவுக்கு வருகிறது. அங்கே படித்து, அங்கேயே படிப்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்ந்து தேறியவர் அவர். தாமோதரம்பிள்ளையை ஏட்டுச்சுவடிக்காகத் தமிழ் உலகம் கொண்டாடுகிறது, அது நியாயந்தான். விசுவநாதபிள்ளையைக் கணக்கு ரீச்சர்மார்கூட நினைப்பதில்லை. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல். தமிழில் சமன்பாடு தீர்க்க முடியும் என்று ஒருவர் அச்சடித்துக் காட்டி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்னும் சில பெற்றோர், கணிதத்தையாவது இங்கிலீசில் படிக்கட்டும் மிஸ் என்று வந்து நிற்பார்கள்.

சய எண்ணைக் கண்டு தடுமாறியவர்கள் எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல. கிரேக்கக் கணிதர் டயோபாண்டசுக்கு 4 = 4ய + 20 என்று ஒரு சமன்பாடு வந்தது. விடை −4. அது பொருளற்றது என்று தள்ளிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், குறைவைக் குறைவால் பெருக்கினால் நிறைவு என்ற விதியை அவரே எழுதிவைத்திருக்கிறார். பாட்டுத் தெரியும், கணக்கில் நம்பிக்கை இல்லை. வட இந்தியாவில் பிரம்மகுப்தர் 628இல் மறை எண்களைக் கடன் என்றும் நேர் எண்களைச் செல்வம் என்றும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாவற்றுக்கும் விதி சொன்னார். அவருக்கு ஐந்நூறு வருடம் பின்னால் வந்த பாஸ்கரர் ஒரு குரங்குக் கணக்குப் போட்டார். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதன் வர்க்கத்தின் அளவு குரங்குகள் குகைக்குள் போயின, ஒன்று மட்டும் வெளியே நிற்கிறது, மொத்தம் எத்தனை? விடை 50 அல்லது 5. ஐந்தை வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதிலிருந்து மூன்றைக் கழித்தால் −2. வர்க்கம் 4. நாலு குரங்கு குகைக்குள், ஒன்று வெளியே, கணக்குச் சரி. ஆனாலும் பாஸ்கரர் அந்த விடையை ஏற்கவில்லை. இடையில் வருகிற மறை அளவை மக்கள் நம்பமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1796இல் வில்லியம் ஃபிரெண்ட் என்ற இங்கிலாந்துக்காரர் மறை எண்களையே விலக்கி ஓர் அட்சரகணிதப் புத்தகம் எழுதினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை −6க்கும் +6க்கும் நடுவில் தத்தளிப்பதைப் பார்த்து “மொக்கு” என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஒருதரம் பார்க்கட்டும்.

கடன் என்ற உவமை கூட்டலுக்கு நல்லது. கடைக் கொப்பியில் 500 ரூபா கடன், கையில் 300 இருக்கிறது, இன்னும் 200 கொடுக்க வேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்புக்கும் விளங்கும். பெருக்கலில் அது படுத்துவிடுகிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தால் தன் சிறுவயதுக் கணக்கு வாத்தியார்களை இதை வைத்தே மடக்கியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒருவனுடைய பத்தாயிரம் பிராங் கடனை ஐந்நூறு பிராங் கடனால் பெருக்கினால் ஐம்பது இலட்சம் சொத்து எப்படி வரும் என்பது அவருடைய கேள்வி. வாத்தியார்களிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது, கடனைக் கடனால் பெருக்குகிற கடை உலகத்தில் எங்கும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளைதான் எனக்கு நல்ல வழி காட்டினாள். அப்போது பாலம் இல்லை. இப்போதுள்ள 396 மீற்றர்ப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் எல்லாரும் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை பிந்தினால் பிள்ளையும் பிந்துவாள், முதலாவது பாடம் போய்விடும். அவளுடைய வாப்பா மீன் வியாபாரி. அடைப்புக்கு முன்னால் நிற்கும் சயக் குறியை வகுப்புக்கு விளக்க முடியாமல் நான் கரும்பலகையை மூன்றாம் தரமும் அழித்தபோது, மீனை எடுத்தேன்.

“கூடையில ஏழு கிலோ மீன் இருக்கு. ‘ய’ கிலோவை விட மூண்டு கிலோ குறைய எடு எண்டு வாப்பா சொல்றார். நீ அவசரத்தில ‘ய’ கிலோ முழுசா எடுத்துப்போட்டாய். இப்ப என்ன செய்வாய்?”

“மிச்சம் எடுத்திட்டன்தானே டீச்சர். மூணு கிலோவத் திருப்பிப் போடணும்.”

அவ்வளவுதான். 7 − (ய − 3) என்பது 7 − ய + 3. கூடுதலாய் எடுத்ததைத் திருப்பிப் போடுவதுதான் அந்த +3. அதையே இருமுறை செய்தால் திருப்பிப் போடுவது ஆறு கிலோ. அன்றைக்கு வகுப்பில் சய தர சய பாட்டுக்கு வேலை இருக்கவில்லை. வாப்பா ஏன் அப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அட்சரகணிதம் முழுக்கச் சுற்றிவளைத்துச் சொல்கிற வாப்பாமார்தான் என்றேன்.

தொண்ணூறுகளில் ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்று ரியூசன் கொட்டில்களில் எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னார்கள். “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்ற மந்திரம் அப்போதுதான் வேரூன்றியது என்பது என் கணிப்பு. இரவில் குப்பி விளக்கு, காலையில் சோதனை, நடுவில் விளக்கம் சொல்ல யாருக்கு நேரம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கொட்டில்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் ஓஎல் எழுதியே இருக்கமாட்டார்கள். ஆனால் சண்டை முடிந்தும் மந்திரம் போகவில்லை.

அது எங்கே காலை வாரும் என்று பாருங்கள். −3ய = 12. மந்திரம் படித்த பிள்ளை −3ஐத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது. போனால் குறி மாறும், ஆகவே 12ஐ 3ஆல் பிரிக்கிறது, ய = 4. உண்மையில் யாரும் எங்கும் போகவில்லை. இரண்டு பக்கத்தையும் −3ஆல் பிரிக்கிறோம். வருவது −4, டயோபாண்டசு பொருளற்றது என்று தள்ளிய அதே −4. இன்னொன்று, −ய = 5 என்று வந்ததும் கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடுவார்கள். அதற்குமேல் மோசமானது பின்னம்:

5 − (ய − 1)/2 = 2

புத்தகத்தில் இது மேலும் கீழுமாக அச்சாகியிருக்கும், அடைப்பு இருக்காது. பின்னக் கோடுதான் அடைப்பின் வேலையைச் செய்கிறது. இரண்டால் பெருக்கியதும் கோடு மறைந்துவிடும், அதோடு அடைப்பும் போய்விடும். பிள்ளை 10 − ய − 1 = 4 என்று எழுதி 5 என்று விடை சொல்லும். சரியான விடை 7. இந்த ஒரு கணக்கில் கோடு மூன்று இடத்தில் நிற்கிறது. இரண்டு கழிக்கச் சொல்கிறது, ஒன்று பிரிக்கவும் கட்டிவைக்கவும் சொல்கிறது. இதை ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்லாமல் பிள்ளைக்குக் கவனம் போதாது என்று அறிக்கை எழுதுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

பக்தாதிலிருந்த அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் செய்த வழி இன்னமும் ஆகச் சிறந்தது என்பேன். அவர் சமன்பாட்டில் மறை உறுப்பை வைத்திருக்கவே மாட்டார். ஒரு பக்கத்தில் எது குறைந்திருக்கிறதோ அதை இரண்டு பக்கமும் கூட்டிவிடுவார். எங்கள் சமன்பாட்டுக்கு வாருங்கள். அடைப்பை நீக்கியபின் 13 − 2ய = 3ய − 2. இடப்பக்கம் 2ய குறைந்திருக்கிறது, இரண்டு பக்கமும் 2ய கூட்டு. வலப்பக்கம் 2 குறைந்திருக்கிறது, இரண்டு பக்கமும் 2 கூட்டு. 15 = 5ய. குறி மாறவில்லை, யாரும் பக்கம் தாண்டவில்லை, ய = 3. தெரியாத கணியத்தை எப்போதும் இடப்பக்கம்தான் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால், பாதிக் கணக்குகளில் சயக் குறியோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. 15 = 5ய என்று எழுதுவது அழகில்லை என்று என் கொப்பியில் யாரோ சிவப்பு மையால் சுழித்தது உண்டு. சமன் குறிக்கு இடம் வலம் கிடையாது.

பெரியப்பாவின் வரைபடத்திலும் நான் பிறகு கண்டது ஒன்று உண்டு. நிலத்தை அளக்கிறவனின் பூச்சியம் சராசரிக் கடல்மட்டம். கடலை அளக்கிறவனின் பூச்சியம் அதற்கும் கீழே. அதனால் வரைபடத்தில் சற்றே உயரம் என்று கோடிட்ட ஒரு கல், நில அளவையில் கடல்மட்டத்துக்குக் கீழே, மறை எண்ணாக வரக்கூடும். கல் அதே கல். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துக் குறி வருகிறது. ஆழமான துறைமுகம், அதன் வாயைத் தாண்டினால் ஆயிரம் மீற்றருக்கும் மேல் இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, அதனால் கரைக்குக் கிட்டவே வந்துபோகும் நீலத் திமிங்கிலங்கள். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெம்பரேச்சரைக் காட்டித் திசைகொண்ட எண் படிப்பிப்பது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும்.

வீட்டில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும் ரியூசன் மாஸ்டர்மாருக்கும் நான் கேட்பது இரண்டு காரியம். அடைப்பை நீக்குகிற வரியைத் தனி வரியாக எழுதவிடுங்கள், அதோடு வேறெதையும் சேர்க்கவிடாதீர்கள். விடை வந்ததும் அதை முதல் வரியில் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3ஐப் போட்டால் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 7. 0.6ஐப் போட்டால் இடப்பக்கம் 11.8, வலப்பக்கம் −0.2. பிழையை நீங்கள் சொல்லவேண்டியதில்லை, பிள்ளையே கண்டுபிடிக்கும்.